வார்டில் படுத்தால்தான் செல்லும் அட்டை

அன்புள்ள மச்சான்,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சிலிபினில் நம் வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அக்காவின் காலில் ஒரு புண் வந்திருப்பதால் அப்படி எழுத முடியவில்லை.

உங்களுக்கு வந்த மாதிரிதான், சுண்டுவிரல் ஓரத்தில். உங்கள் மனைவிக்கும் இனிப்புநீர், அதே சர்க்கரை வியாதி, என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"இதுக்கா? வார்டுல போட்டாத்தான்டா இன்சூரன்ஸ் கார்டு செல்லும். சும்மா கிளினிக் போனா கைக்காசு லா."

குரல் அவளுடையது, கொள்கை உங்களுடையது. பீடோர் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து குடித்து வளர்ந்தவர் நீங்கள். சின்ன நோய்க்குப் பணம் கொடுப்பது உங்களுக்கு அவமானம். அட்டை செல்லும் அளவுக்குப் புண் வளரட்டும் என்று காத்திருந்தீர்கள். வளர்ந்தது. காப்புறுதிக் கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் கட்டியது. சாவு வீட்டில் அதைத்தான் பலரும் மெச்சினார்கள்.

அன்றாட வைத்தியத்துக்கும் சேர்த்துக் கூடுதல் காப்புறுதி எடுக்கலாமா என்று விசாரித்தேன். ஏஜண்டுப் பெண் வீட்டுக்கே வந்தாள்.

"கிளினிக், மருந்து எல்லாம் கவராகும் அங்கிள்."

"இனிப்புநீர்?"

"அது ஏற்கெனவே இருக்கில்ல, அதுக்குக் கிடையாது. புதுசா வர்ற நோய்க்குத்தான்."

"அக்காவுக்குப் புது நோயில் ஆர்வமில்லை" என்றேன். அவள் சிரிக்காமல் குறித்துக்கொண்டாள்.

அரசாங்கக் கிளினிக் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தன் முறை வருவதற்குள் சமையல் ஞாபகம் வந்து அக்கா எழுந்து வந்துவிடுகிறாள்.

அவளிடம் பணம் இல்லாமலில்லை. அப்படியானால் காப்புறுதி என்று நாம் வாங்குவது எதை? மருந்தையா, டாக்டரிடம் போவதற்கு ஒரு சாக்கையா? டிவிக்கு மாதக் கட்டணம் கட்டிவிட்டோம் என்பதற்காக, ஒரு சொல்கூடப் புரியாத கான்டனீஸ் நாடகங்களை அவள் கடைசிவரை பார்ப்பதைக் கவனித்தபோதுதான் விடை கிடைத்தது.

கூடுதல் காப்புறுதி வேண்டாம் என்று ஏஜண்டிடம் சொல்லிவிட்டேன். அதற்காக எடுத்துவைத்த பணத்தை தெருமுனைக் கடை வரிசையில் இருக்கும் கிளினிக்கில் முன்கூட்டியே கட்டினேன். டாக்டர் முதலில் விழித்தார். பிறகு, தன் அம்மாவும் இதே ரகம்தான் என்று வாங்கிக்கொண்டார்.

"ஒரு வருஷத்துக்குக் கட்டியாச்சுக்கா. போகலன்னா திருப்பித் தர மாட்டாங்களாம்."

"மடையன், என்னைக் கேக்காம எதுக்குடா கட்டுன?"

மறுநாள் கிளினிக் திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். எழுந்து வரும்போது, "கட்டுன காசுல காதையும் பாத்துருங்க டாக்டர்" என்றாள்.

புண் இப்போது காய்ந்து வருகிறது. கிளினிக்கில் பணம் தீரத் தீர அவளுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டிருப்பேன். உங்கள் கால் போன வழியில் அக்காவின் காலைப் போகவிடமாட்டேன், மச்சான்.

உங்கள் மனைவிக்குத் தம்பி, உங்களுக்கு மைத்துனன்,
சந்திரன்