உன்னைத் தாண்டிப் போன அப்பத் தட்டு

புத்தூர், திருச்சி
9-11-1958

அன்பு மகன் பிச்சமுத்துவுக்கு அப்பா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பிலாயில் நீயும் மருமகளும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். அம்மாவின் கண்ணை ஆஸ்பத்திரியில் காட்டினோம், பயமில்லை என்றார்கள். நீ ரயிலேறிய நாளிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சோறு வைத்திருக்கிறேன் என்பதோடு சரி.

நீ லீவில் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் கர்த்தருடைய பந்தியின் அப்பத் தட்டு கைமாறி வந்தபோது உனக்குக் கொடுக்காமல் உன்னைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்த நம் சபை வீரமலையிடம் கொடுத்தேனே, சபை மூப்பர் கண்ணைக் காட்டினார், அதனால் செய்தேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை மகனே. முந்தின வாரம் எல்லாச் சபையாரும் சேர்ந்து நடத்தின கூடாரக் கூட்டத்தில் நீ அங்கி போட்ட பாதிரிமாரோடு மேடையில் நின்று ஜெபித்ததைச் சபையில் குறையாகப் பேசினார்கள், என் வைராக்கியத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்று நானாகத்தான் செய்தேன். நீட்டிய கையை நீ மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

போன வியாழன் வீரமலையோடு ஸ்ரீரங்கத்துக்குச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கப் போனேன். சித்திரை வீதியில் பூக்கடை ரங்கசாமியிடம் கூடாரத்துக்காரர்கள் கொடுத்த தாளும் இருந்தது, இரண்டையும் சத்தமாக வாசித்துவிட்டு, "என்னங்க பெரியவரே, அவங்களும் ஏசுதான், மனந்திரும்புதான், வேதத்துல ஒரு எழுத்து தப்பில்லைங்கிறாங்க. நீங்களும் அதேதான். அப்புறம் எதுக்கு ரெண்டு கடை?" என்றார். அவர்கள் மற்றச் சபையாரோடும் சேர்ந்து நின்று சொல்கிறவர்கள், நாங்கள் அப்படிச் சேருகிறவர்களோடுகூடச் சேராதவர்கள் என்றேன். "உங்களை அவங்க சேத்துக்குவாங்களா?" என்றார். சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். சிரித்துவிட்டு, "கூடாரத்துல கணீர்னு பேசின பையன் உங்க சாடையா இருந்தானே, உங்க மகன்தானுங்களே?" என்றார். பக்கத்தில் வீரமலை நின்றான். "இல்லைங்க, அது யாரோ" என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறாமல், யார் முகத்தையும் பார்க்க முடியாமல் காவேரிப் பாலத்தில் நடந்தே வந்தேன். எழுத்துத் தெரியாதவன் வேதத்தை அதிகாரம் அதிகாரமாகச் சொல்கிறேனே என்று ஊரில் பெருமை பேசினவன் நான், எட்டு வயதிலிருந்து நீ தினமும் வாசித்துக் காட்டி வந்த மனப்பாடம் அது என்று யாரிடமும் சொன்னதில்லை. என்னை மன்னித்துவிடு, அப்பன் கேட்கலாமா என்று பார்க்காதே.

இதை எழுதுகிறவர் தர்மராஜ், உன்னோடு கூடார மேடையில் பாடினவர். நம் சபைக்காரர்களிடம் இதைச் சொல்லி எழுதவைக்க வாய் வரவில்லை. ஆறு வருஷமாகத் தெருவில் அவர் ஸ்தோத்திரம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் நான், கூப்பிட்டதும் பேனாவோடு வந்துவிட்டார். மருமகளுக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், குறைவில்லாமல் இருங்கள். அங்கே குளிர் கடுமை என்கிறார்கள், ஸ்வெட்டர் போடாமல் வேலைக்குப் போகாதே, பதில் அம்மா பேருக்காவது போடு.

முடிக்கும் முன் உங்கள் இரண்டு பேருக்காகவும் சேர்ந்து ஜெபிக்கலாமா என்று தர்மராஜ் கேட்டார். எதிர்வீடு மூப்பர் வீடு, நான் இவரோடு ஜெபிப்பதைப் பார்த்தால் சபையிலிருந்து என் பேரை எடுத்துவிடுவார்கள். அது தெரிந்து, "ஜன்னலைச் சாத்தட்டுங்களா ஐயா?" என்றார். திறந்தே இருக்கட்டும் என்றேன்.

இப்படிக்கு உன் அப்பா,
சின்னையா
(இடது பெருவிரல் ரேகை)