இரண்டு விரற்கடைத் திண்டு

சேசு மரி சூசை துணை

பெங்களூர், 18-1-1942

அன்புள்ள பிலோமினாளுக்கு,

இங்கே சுகம், வலது தோள் நீங்கலாக. எனக்குக் கொடுத்த துப்பாக்கியின் பின்கட்டை என் கைக்கு ஒன்றரை அங்குலம் அதிக நீளம். தோளில் முட்டுக்கொடுத்தால் விரலை எட்டி நீட்டினால்தான் விசை கிடைக்கிறது. கண்ணும் குறிக்குத் தூரமாகிவிடுகிறது. சுட்டதும் கட்டை எகிறி இடித்து, தோள் நாவற்பழமாகக் கன்றிக் கிடக்கிறது. குட்டைக் கட்டை கேட்டேன். ஹவில்தார் உசிலம்பட்டிக்காரர். "வந்தா தாரேன், வரலேன்னா உன் கையை நீட்டிக்க" என்கிறார்.

சட்டைக்குள் வைத்துக் கட்ட ஒரு திண்டு தைத்து அனுப்பு. சுடுகிற பரீட்சை இரண்டு தடவை. இரண்டிலும் தவறினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்த மானக்கேடு வேண்டாம்.

உன் கிறிஸ்துராஜ்

மதுரை, 30-1-1942

அன்புள்ள அத்தானுக்கு,

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் உட்கார்ந்து தைத்தேன். இலவம்பஞ்சு, இரண்டு விரற்கடை கனம். மெல்லிசாகத் தைக்க மனசு வரவில்லை. கோவிலில் தாலி முடியவே கை எட்டாமல் உங்கள் அக்காவைக் கூப்பிட்டீர்கள். அந்தக் கையை நம்பித் துப்பாக்கி கொடுத்தவர்களைச் சொல்லவேண்டும்.

பிலோமினாள்

பெங்களூர், 1-3-1942

அன்புள்ள பிலோமினாளுக்கு,

திண்டு கட்டியபின் வலி போயிற்று, நீ நன்றாயிருப்பாய். ஆனால் குறி முன்னைவிட மோசம். முதல் பரீட்சையில் பத்துக்கு ஒன்றுதான் பட்டது. எதனால் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் அண்ணனைக் கேட்டு எழுது. மரவேலை தெரிந்தவர், கட்டையின் சூட்சுமம் அவருக்குப் பிடிபடும்.

கிறிஸ்துராஜ்

மதுரை, 10-3-1942

அன்புள்ள அத்தானுக்கு,

ஆசீர்வாதம் அண்ணனைக் கேட்டேன். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லையாம். திண்டை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். ஊருக்கு வருவதில் என்ன மானக்கேடு? போன வாரம் காளவாசல் பக்கம் ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டுக்குத் தந்தி வந்தது. அந்தப் பெண் அதை வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

பிலோமினாள்

9-4-1942

அன்புள்ள பிலோமினாளுக்கு,

இரண்டாவதிலும் தவறிவிட்டேன். ஆனால் ஊருக்கு இல்லை. ஆள் போதாதாம், தவறியவர்களையும் கப்பலேற்றுகிறார்கள். எங்கே என்று எழுதக்கூடாது. அதே துப்பாக்கிதான். நீ சொன்னபடி திண்டை அவிழ்க்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. செபமாலை சொல்லும்போது என்னை நினைத்துக்கொள்.

கிறிஸ்துராஜ்

மதுரை, 2-7-1942

என் அத்தானுக்கு,

இதே கடிதத்தை மூன்றாம் தடவையாக எழுதுகிறேன். முதல் இரண்டும் திரும்பிவிட்டன.

ஆசீர்வாதம் அண்ணனுக்கு விளங்காமல் இல்லை. கேட்டவுடனே சொன்னார்: "கட்டையே நீளம், அதுல திண்டு வேறயா? அம்புட்டுத் தூரம் தள்ளிப்போனா கண்ணு எப்படிக் குறியில நிக்கும்? மாப்ளயை மொதல்ல அதக் கழட்டச் சொல்லு தங்கச்சி." தைக்கும்போது எனக்கு இது தெரியாது, சத்தியம். தெரிந்தபிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் தவற வேண்டும், வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று நானாகக் கணக்குப் போட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். அவர் கொடுத்து என்ன, அது உங்கள் தோளில் அல்லவா கட்டியிருக்கிறது.

வலித்தாலும் பரவாயில்லை அத்தான், இதைப் படித்த கையோடு திண்டை அவிழ்த்து எறியுங்கள். அப்புறம் என்னைத் திட்டி நாலு வரி எழுதுங்கள்.

இந்த உறையிலும் பெங்களூர் முகவரியைத்தான் எழுதுகிறேன். எனக்கு வேறு முகவரி தெரியாது.

பிலோமினாள்