ஐந்து வெள்ளைக் கார்கள்

ஜன. 6, செவ்வாய்
நல்ல குளிர். காலையில் கார் துடைத்தேன். பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் துணியோடு வந்துவிட்டது. டாப்பில் ஏற்கெனவே மூன்று இடம். வாங்கி இரண்டு வருடம்கூட முடியவில்லை. என் சம்பளத்தில், என் பெயரில் முதல் வண்டி.

சர்வீஸ் சென்டர், மூன்றாம் முறை. அட்வைசர்: "மரத்தடியில நிறுத்திருப்பீங்க மேடம். பறவை எச்சம். வாரண்டியில வராது."
எங்கள் சந்தில் மரமே கிடையாது என்றேன். "அப்போ வெயில் மேடம்" என்கிறார். பற்றிக்கொண்டு வந்தது.

பிப். 9 மகள் ஸ்டெல்லா கல்யாணம். கோவிலுக்கு என் காரில்தான் போவாளாம், நான்தான் ஓட்ட வேண்டுமாம். அவள் அப்பா: "சொறி புடிச்ச வண்டியிலயா பொண்ண ஏத்துவ? டிராவல்ஸ்ல சொல்லிட்டேன்."
வாங்க: இஞ்சி, பல்பு, ரவிக்கை லைனிங்.

ஜன. 11, ஞாயிறு
சிரித்துச் சிரித்து வயிற்று வலி. பூசை முடிவில் ஃபாதர் ஸ்டெல்லாவின் கல்யாண ஓலை வாசித்தார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அதே மூச்சில், அதே ராகத்தில் நான் கொடுத்த சீட்டும்: "பெயின்ட் உரிந்த வெள்ளைக் கார் வைத்திருப்போர், பூசைக்குப் பின் லில்லி டீச்சரைச் சந்திக்கவும்." இதற்கும் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்காததுதான் பாக்கி.

வெளியே வந்தால் நான்கு பேர்! எல்லாம் என்னுடைய அதே மாடல். கோவில் வாசலில் மாதா கெபி ஓரம் ஐந்தையும் வரிசையாக நிறுத்தி போட்டோ. எலக்ட்ரீஷியன் மரியதாஸ் அண்ணன்: "என்கிட்டயும் பறவை எச்சம்னாங்க டீச்சர். நான் நிறுத்தறது பேஸ்மென்ட்ல!"
தன் தப்புதான் என்று ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். கம்பெனி ஹெட் ஆபீசுக்கு ஒரே மெயில், ஐந்து பேர்.

ஜன. 19, திங்கள்
கம்பெனியிலிருந்து ஆள். நகத்தால் ஓரத்தை நெருடினார். அப்பளம் மாதிரி எழும்பியது. ஐந்திலும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!
"ஃபேக்டரியிலயே தப்பு மேடம். அஞ்சும் ஃபுல்லா அடிச்சுத் தர்றோம். மார்ச் ஆயிடும்."
மார்ச்சா? மரியதாஸ் அண்ணன் முந்திக்கொண்டார்: "டீச்சர் வண்டிய முதல்ல எடுங்க சார். கல்யாண வீடு. நாங்க மெதுவா வர்றோம்." மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அழுதுவிட்டேன், ரோட்டிலேயே.

பிப். 6, வெள்ளி
வந்துவிட்டது!! பாலில் குளித்து எழுந்த மாதிரி. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எட்டு தடவை இருக்கும். இவர் சத்தம் போடாமல் டிராவல்ஸுக்கு போன்: "வேணாம்பா. வூட்டு வண்டியே இருக்குது."

பிப். 9, திங்கள்
கால் வீக்கம். இருந்தாலும் இதை எழுதாமல் முடியாது. காலையில் பூக்காரர் மாலையோடும் டேப்போடும் பானெட் பக்கம் வந்தார். பாய்ந்து கையைப் பிடித்துவிட்டேன்.
"டேப் ஒட்டாதீங்க!"
"ஒட்டாம எப்படிக்கா நிக்கும்?"
"நிக்கவே வேணாம்."
ஸ்டெல்லா: "மம்மி, கல்யாணம் எனக்கா, காருக்கா?"
கடைசியில் பூ மொத்தமும் பின் சீட்டில், அவள் மடியில். கோவில் வரைக்கும் கண்ணாடியில் மகளின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. மீதியெல்லாம் ரோஜா. சிரிப்பது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.