தொட்டில் பாட்டில் ஒரு கருப்புக் கட்டை

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் லேசான குளிர். மதியம் வழக்கம்போல் புழுதி. செம்பூரிலிருந்து தாராவிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன். கால் வீக்கம்.

ஆராதனை முடிந்ததும் கொயர் பாடகர்கள் கூட்டம். புது பாஸ்டர் ஐயர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கோவிலில் திரை, கேமரா, யூடியூப். இன்று புது உத்தரவு. இந்த வருஷம் கிறிஸ்மஸ் கேரல் ஆராதனை முழுக்க இருட்டில். மெழுகுவர்த்தி மட்டும். நேரலை. என் கீபோர்டு ஸ்டாண்டில் இருக்கும் சின்ன லைட்டும் கூடாது.

"சிஸ்டர், உங்க லைட் கேமராவுல ஒரே வெள்ளையா அடிக்குது. அஞ்சு பாட்டுதானே? இருபத்தாறு வருஷமா வாசிக்கிறீங்க. புத்தகம் இல்லாம வராதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கஷ்டமா இருந்தா சொல்லுங்க, அஷ்வின் பாத்துக்குவான்."

அஷ்வின். ஐ.டி. கம்பெனியில் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. கோரஸ் பாட்டுக்கெல்லாம் அவன்தான் தன் சின்தசைசரில் வாசிப்பான். ஒரு நோட்ஸ் படிக்கத் தெரியாது. காதால் கேட்டு மூன்றே கார்டை, மூன்றே ஸ்வரக்கூட்டை, வைத்து உலகத்துப் பாட்டையெல்லாம் வாசித்துவிடுவான். ஜனங்களும் கை தட்டும்.

"வரும் ஐயா" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு.

வராது. ஒன்றுகூட வராது. இங்கே எழுதலாம், யார் படிக்கப்போகிறார்கள். புனேயில் இருக்கும் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இவருக்குத் தன் கண்ணாடி எங்கே என்றே தெரியாது.

நவம்பர் 25, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. ஆபீஸில் ஏ.சி. ரிப்பேர், தாதர் வெயில் முழுக்க எங்கள் செக்‌ஷனுக்குள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் வீட்டுக் கீபோர்டில் உட்கார்ந்தேன். புத்தகத்தை மூடி வைத்தேன். வருகைப் பாட்டு, எல்லாரும் உள்ளே நடந்து வருகிறபோது வாசிப்பது. கல்யாணத்துக்கும் வாசிப்பேன், சாவுக்கும் வாசித்திருக்கிறேன், அத்தனை தடவை. வ.கை (வலது) நாலு கட்டம் போனது. இ.கை (இடது) பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி நின்றது. திரும்ப ஆரம்பித்தேன். அதே இடம். திரும்ப. அதே இடம்.

புத்தகத்தைத் திறந்தேன், கடகடவென்று ஓடியது.

ஆக, பாட்டு எனக்குத் தெரியாது. அச்சுத்தான் தெரியும். மாட்டுங்காவில் சின்ன வயதில் பியானோ சொல்லிக்கொடுத்த டீச்சர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தால் பென்சிலால் விரலில் போடுவாள். பரீட்சையில் எதை வைத்தாலும் பார்த்தவுடன் வாசிப்பேன், முழு மார்க். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

அவமானம். விவரமாக எழுதினால் ஆறுமோ என்னவோ.

ஆராதனைக்குப் பிறகு கொயர் தலைவி ஜெஸி அக்கா வந்து, "கிரேஸு, இன்னைக்கு சுதி என்ன இவ்ளோ ஏத்தம்? எனக்குத் தொண்டை கிழிஞ்சு போச்சு தாயி" என்றாள். புத்தகத்தில் உள்ளபடிதானே வாசித்தேன் என்றேன். அஷ்வின் வந்து என் கீபோர்டை எட்டிப் பார்த்தான்.

"ஆன்ட்டி, ட்ரான்ஸ்போஸ் பிளஸ் டூல இருக்கு. நேத்து பிராக்டிஸ்ல நான்தான் போட்டேன், எடுக்க மறந்துட்டேன். நீங்க ஃபுல் சர்வீஸ் அப்படியே வாசிச்சீங்களா? தெரியவே இல்லையா?"

அந்தப் பட்டனை அமுக்கினால் எல்லாக் கட்டைக்கும் சேர்ந்து சுதி ஏறும். நான் ஏழு பாட்டு வாசித்தேன். தெரியவே இல்லை. புத்தகம் சொன்ன கட்டையை அமுக்கினேன். வெளியே என்ன சத்தம் வந்தது என்பது மெஷினின் பாடு என்று இருந்திருக்கிறேன்.

"டென்ஷன் நை லேனே கா, ஆன்ட்டி" என்று இந்தியில் ஆறுதல் சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போனான். தோளில். என் மகள் வயது அவனுக்கு.

டிசம்பர் 3, புதன்

ஐந்து பாட்டு: வருகை, மேய்ப்பர், நட்சத்திரம், தொட்டில், கடைசிப் பாட்டு. தெரிந்தவை: வருகை (முக்கால்வாசி). மற்றது பூஜ்யம்.

இவருக்கு ஒரு யோசனை. துறைமுக டாக்கில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், பாட்டு என்றால் பிரசங்கத்துக்கு முந்தின தூக்கம். கோவிலில் இவர் வாயைத் திறந்தால் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஏளா, இருட்டுல வாசிக்கணும்னா இருட்டுலயே பழகு. நான் லைட்ட அணைக்கேன்."

அணைத்தார். நான் தப்பு விட்டேன். கீழ் வீட்டு மராத்திக்காரி குக்கர் விசில் எனக்குமேல் சுதியாக இருந்தது. லைட்டைப் போடுங்கள் என்று கத்தினேன். போடவில்லை. "சும்மா வாசிளா" என்று இருட்டிலிருந்து சத்தம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு லைட் கோணல், ஐயர் கோணல், அஷ்வின் கோணல்.

டிசம்பர் 9, செவ்வாய்

குர்லாவில் ரயில் லேட். லேடீஸ் கம்பார்ட்மென்டில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். மடியில் ஹேண்ட்பேக், அதன்மேல் விரல் ஓட்டம். எதிரே ஒரு காலேஜ் பெண்: "ஆன்ட்டி, டைப்பிங் எக்ஸாம் ஹை க்யா?" ஆமாம் என்று தலையாட்டினேன். பாஸ் ஆகிவிடுவீர்கள் என்று அவள் இந்தியில் தைரியம் சொன்னாள். இந்த மாதத்தில் எனக்குத் தைரியம் சொன்ன ஒரே ஜீவன்.

கண்டுபிடித்தவை. இ.கையை மட்டும் தனியாக வாசிக்க வேண்டும், அதையே வாய்விட்டுப் பாட வேண்டும். கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் தப்பினால் நிற்காமல் அடுத்த வரி தலைப்பில் போய் ஏறிக்கொள்ள வேண்டும், ஓடுகிற ரயிலில் ஏறுகிற மாதிரி. யாரும் சொல்லித்தரவில்லை. யாரிடம் கேட்பேன், அஷ்வினிடமா.

வீட்டுக்கு வந்து தொட்டில் பாட்டு. மூன்றாம் வரியில், குழந்தைக்கு இடமில்லை என்று வருகிற இடத்தில், இ.கை ஒரு கருப்புக் கட்டைக்கு இறங்கி, ஒரு தாளத் தட்டு நின்று, திரும்ப ஏறுகிறது. வருஷா வருஷம் அமுக்கியிருக்கிறேன் அந்தக் கட்டையை. இன்றுதான் கேட்டேன். சிரித்துக்கொண்டே பேசுகிறவளுக்கு நடுவில் ஒரு நொடி குரல் உடைகிற மாதிரி. அவ்வளவுதான், பிறகு பழையபடி.

அந்த ஒரு தட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அழுகையாக வந்தது. இவ்வளவு நாளும் இந்தப் பாட்டைப் படித்திருக்கிறேன், ஒரு தடவை கேட்டதில்லை. கோபம்தான் அதிகம். யார்மேல் என்று தெரியவில்லை.

இருட்டிலிருந்து இவர்: "அந்த எடத்துல என்னமோ பண்ணுதியே. வயித்துக்குள்ள என்னமோ செய்யுது."

"கருப்புக் கட்டைங்க."

"என்ன எழவோ. நல்லாருக்கு."

டிசம்பர் 14, ஞாயிறு

கேக்குக்கு திராட்சை ஊறப்போட மறந்தாயிற்று, இனி கடையில்தான். அச்சு முறுக்கு மாவு மட்டும் தயார்.

ஒத்திகை. லைட் எரிந்தாலும் புத்தகத்தைப் பையைவிட்டு எடுக்கவில்லை. நான்கு பாட்டு சுத்தம். மேய்ப்பர் பாட்டில் மூன்றாம் சரணம், ஒரு தடுமாற்றம். இரண்டு தட்டு கை நின்றது, அடுத்த வரியில் ஏறிவிட்டேன். கொயர் நிற்கவே இல்லை. ஜெஸி அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள், "விடு" என்கிற மாதிரி.

ஐயர் கடைசி பெஞ்சுப் பக்கம் நின்றிருந்தார். என்னைத் தாண்டிப் போனார். அஷ்வினைக் கூப்பிட்டு ஏதோ பேசினார். அவன் தலையாட்டினான்.

மேய்ப்பர் பாட்டு, மூன்றாம் சரணம். வீட்டுக்கு வந்து சோறு வைக்காமல் அதையே. இவர் வடா பாவ் வாங்கிவந்து சாப்பிட்டார், எனக்கும் ஒன்று. லைட்டை அணைத்தார்.

டிசம்பர் 19, வெள்ளி

நாளை. ஐந்தும் வருகிறது. பஸ்ஸில், குளியலறையில், ஆபீஸ் மேஜைக்கடியில். சூப்பர்வைசர் ஏதோ கேட்டபோது நட்சத்திரப் பாட்டு இரண்டாம் வரியில் இருந்தேன், முறைத்தான்.

பட்டுப்புடவை இஸ்திரி. நட்சத்திர லைட்டில் பல்பு ஃப்யூஸ். மகள் போனில், வர முடியாதாம், லைவ்வில் பார்ப்பாளாம்.

இன்னும் ஒரே ஒரு தடவை, இருட்டில்.

டிசம்பர் 21, ஞாயிறு

நேற்றைக்கு எழுத முடியவில்லை.

ஆறரைக்கு ஆரம்பம். சீக்கிரமே போய் முதலில் ட்ரான்ஸ்போஸ் பட்டனைப் பார்த்தேன். பூஜ்யம். ஒரு கட்டையைத் தட்டிக் கேட்டும் பார்த்தேன், சரிதான். அஷ்வினின் சின்தசைசர் வழக்கமான இடத்தில் இல்லை, பின்னால் சவுண்ட் மிக்ஸர் மேஜைக்குப் பக்கத்தில் கிடந்தது. கொயர் நிற்க இடம் வேண்டும் என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். அவன் நேரலையைப் பார்த்துக்கொள்வதாக ஐயர் சொன்னார்.

லைட் அணைந்தது. கட்டை எதுவும் தெரியவில்லை. வெள்ளை மட்டும் லேசாக. ஜெஸி அக்கா கை தூக்கியது ஒரு நிழல்.

வாசித்தேன். ஐந்தையும் வாசித்தேன். மேய்ப்பர் மூன்றாம் சரணம் வந்தது, போனது, ஒன்றும் ஆகவில்லை. தொட்டில் பாட்டில் அந்தக் கருப்புக் கட்டையை ஒரு இம்மி அதிகமாகவே பிடித்து நின்றேன், வேண்டுமென்றே. இவர் முன் பெஞ்சில், கீபோர்டை ஒட்டி. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கோவில் நிறைய ஆள், கூரையில் எதிரொலி. என் சத்தத்துக்குக் கூடவே ஏதோ ஒன்று வருகிற மாதிரி இருந்தது. எதிரொலிதான் என்று விட்டுவிட்டேன்.

இன்று ஆராதனைக்குப் பிறகு எல்லாரும்:

"யக்கா, கண்ண மூடிட்டு வாசிச்சிய!"

"ஆன்ட்டி, ராக் ஸ்டார்!"

ஐயர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா சிஸ்டர், நான் சொன்னேன்ல?" அஷ்வின் என் பக்கம் வரவில்லை. பொறாமைதான், உள்ளுக்குள் குளிர்ந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

டிசம்பர் 22, திங்கள்

ரயிலில் நின்றுகொண்டே வீடியோ பார்த்தேன், காதில் இயர்போன். நான்தான். பட்டுப்புடவை, மெழுகுவர்த்தி வெளிச்சம், இரண்டு கையும் கேமராவில் பெரிதாக. அழகாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

தொட்டில் பாட்டு. மூன்றாம் வரி. என் இடது சுண்டுவிரல் கருப்புக் கட்டைக்கு இறங்குவது தெரிகிறது. சத்தம் இறங்கவில்லை. நேராகப் போகிறது.

திரும்பப் பார்த்தேன். தாதர் தாண்டிவிட்டது, பரேலில் இறங்கித் திரும்பி வந்தேன். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து பாட்டையும் கேட்டேன். ஒரே மூன்று கார்டு. எந்தப் பாட்டிலும் நான் இல்லை.

அஷ்வினுக்கு மெசேஜ் போட்டேன். மத்தியானம் வாய்ஸ் மெசேஜாகப் பதில்:

"ஆன்ட்டி, ஸாரி. ஐயர்தான் சொன்னாரு. ரிஹர்சல்ல ஸ்டக் ஆனீங்கல்ல, லைவ்ல ரிஸ்க் வேணாம்னு. உங்க வயர மிக்ஸர்ல ஆஃப் பண்ணிட்டு பின்னாடிருந்து நான் வாசிச்சேன். ஹால் ஸ்பீக்கர், லைவ் ரெண்டுமே. உங்க கீபோர்டு ஸ்பீக்கர் ஓடிட்டுதான் இருந்துச்சு, அதனால உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னாரு. நீங்க ஒரு தப்புகூட விடல ஆன்ட்டி, நான் ஹெட்போன்ல கேட்டேன். சத்தியமா."

ஒரு தப்புகூட விடவில்லையாம். சர்ட்டிஃபிகேட்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், அதுவும் என் தட்டில், என் கண்ணெதிரில். "உங்களுக்குத் தெரியாது" என்றாரே, அதுதான் எரிகிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் நிஜமாகவே தெரிந்திருக்காது. இந்த வீடியோவைப் பார்த்து சந்தோஷப்பட்டு நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன். காது ஒன்று இல்லாமல் நிம்மதியாக இருந்தேன். அதை உண்டாக்கிக்கொண்டதற்கு முதல் கூலி இது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவியில் வீடியோ ஓடுகிறது. சத்தம் உச்சத்தில். இவர் ஏற்கெனவே சொந்த ஊர் சாத்தான்குளம் வரை எல்லாருக்கும் அனுப்பியாயிற்று. போனில் தம்பியிடம், "பாத்தியாடே? பொஸ்தகமே கெடையாது. எங்க வீட்ல நாந்தான் லைட்ட அணைச்சுப் பழக்குனேன்."

காபி போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தொட்டில் பாட்டு ஆரம்பித்தது. மூன்றாம் வரி போனது.

முகத்தைச் சுளித்தார். ரிமோட்டால் பின்னுக்கு ஓட்டி, மறுபடி கேட்டார். எழுந்து போய் டிவியைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார்.

"ஏளா, இந்த எடத்துல வயித்துக்குள்ள ஒண்ணு செய்யும்லா. கோவில்ல முந்தாநாளு நல்லா கேட்டுச்சே. இதுல வரலியே?"

டிவியை இன்னொரு தட்டு தட்டினார்.

"ஸ்பீக்கர் போயிருச்சு போல."

"ஆமாங்க," என்றேன். "ஸ்பீக்கர்தான்."