உள்ளங்கை தெரியும் தூரம்

ஜூன் 3, செவ்வாய்

பகல் முழுக்கக் கடைக்கு ஒரே ஆள். கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்ததும் தலைவலிக்குக் காரணம் கண் இல்லை, மருமகன்தான் என்று அவரே சொல்லிவிட்டார். பவர் பார்த்து அனுப்பினேன். மருமகனுக்கு என்னிடம் லென்ஸ் இல்லை.

மாலையில் அக்கா வந்தாள். கையில் படைப்பிரிவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். தம்பி போன போரில் இறந்தவர்களுக்கு ஒரு நூல் போடுகிறார்களாம், ஆளுக்கு ஒரு பக்கம். குடும்பத்தார் எழுதி அனுப்ப வேண்டும். பதக்கம் வாங்காதவர்களுக்கும் உண்டு.

"நாலெழுத்து எழுதத் தெரிஞ்சவன் நீதான். எழுது"ன்னு சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி இறந்து முப்பத்து மூன்று வருடம். நாலெழுத்து இல்லை அக்கா, ஐந்தெழுத்து. உனக்குத் தெரியாது.

ஜூன் 5

படிவத்தை மேஜையில் விரித்து வைத்தேன். பிறந்த தேதி, உயரம், படிப்பு, விருப்பமான விளையாட்டு. பார்வை எப்படி என்று ஒரு கட்டம் கூட இல்லை. இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்?

இருபது வருடம் வாழ்ந்தவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அரைப் பக்கம் கூட வரவில்லை. சுமாராகப் படிப்பான். நன்றாக நீந்துவான். யாரைக் கண்டாலும் சிரிப்பான். அக்காதான் எங்கள் இருவரையும் வளர்த்தாள், அவன்மேல் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

அவன் எழுதிய பதினேழு கடிதங்களை அக்காவிடமிருந்து வாங்கி வந்தேன். "துப்பாக்கி சுடுவதில் நான் பூஜ்யம். தண்ணீர் சுமக்க மாற்றிவிட்டார்கள். நெட்டை என்று ஒருவன் சிநேகமாகிவிட்டான், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது." எல்லாக் கடிதத்திலும் நெட்டை வருகிறான்.

சுடுவதில் பூஜ்யம். அப்போது இதைப் படித்துச் சிரித்தேன். குறி தெரிந்தால்தானே சுடுவான்? இது எனக்கு ஏன் உறைக்கவில்லை? உறைத்தது. உறைக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூன் 6

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

தம்பிக்குக் கிட்டப்பார்வை. இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை. கையில் இருக்கும் புத்தகத்தைப் படிப்பான், எதிர்ச்சாரியில் நிற்கும் ஆளைத் தெரியாது. ராணுவத்தில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஆள் எடுக்கும் அலுவலகத்துக்குக் கண் பரிசோதனை அட்டை எங்கள் கடையிலிருந்துதான் போனது. கடைசி வரியில் ஐந்து எழுத்து: வ, க, ப, ந, த. அவன் மறக்காமல் இருக்க நான்தான் ஒரு வாக்கியம் கட்டிக்கொடுத்தேன். "வண்டி கவுந்தா பரவால்ல, நடந்து தள்ளு." ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்து. மேல் வரிகளுக்கும் இப்படி ஏதோ உளறல், அவை மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

பாஸ் ஆகிவிட்டான். அட்டையைப் பார்க்காமலே படித்தானாம், டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தாராம்.

கிளம்பும் நாள் நான் செய்துகொடுத்திருந்த கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்தான். நான் வெளியே எடுத்தேன். "இது இருந்தா முதல் நாளே மாட்டிக்குவ. இங்கயே இருக்கட்டும்." இருக்கிறது. பட்டறை மேஜையின் அடி டிராயரில்.

இன்னும் ஒன்று. அவன் ஆசைக்காக மட்டும் நான் இதைச் செய்யவில்லை. கடையில் உட்கார்ந்து லென்ஸை உடைப்பதும் வருகிறவர்களோடு அரட்டை அடிப்பதும்தான் அவன் வேலை. எங்கேயாவது போய்த் தொலையட்டும் என்று இருந்தது. தொலைந்தான்.

ஜூன் 9

படைப்பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நெட்டை உயிரோடு இருக்கிறார். எண் கொடுத்தார்கள். டயல் செய்யவில்லை.

ஜூன் 10

இன்றும் இல்லை. வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன். இரண்டு பேர்தான் வந்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

பேசிவிட்டேன்.

நான் யார் என்று நெட்டையிடம் சொன்னேன். "அண்ணே... வண்டி கவுந்தா பரவால்ல"ன்னார்.

இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அங்கே எல்லோரும் அதைச் சொல்வார்களாம். சோறு தீய்ந்தாலும், மழையில் கூடாரம் சரிந்தாலும். "அர்த்தம் கேட்டா சிரிப்பான் அண்ணே. எங்க அண்ணன் சொல்லிக் கொடுத்ததுன்னு மட்டும் சொல்வான்."

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். காலை எட்டு மணியாம். நல்ல வெளிச்சம். காவல் குழிக்கு வரும் பாதையில் கடைசி நாற்பது தப்படி திறந்த வெளி. எதிரே மேட்டில் எதிரிகள் வந்து உட்கார்ந்துவிட்டது தம்பிக்குத் தெரியாது. அவன் இரண்டு கேன் தண்ணீரோடு திறந்த வெளியின் அந்த ஓரத்தில் வந்து நின்றிருக்கிறான். சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு. நெட்டை குழியிலிருந்து கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார், நில் என்று.

"என்னைத்தான் பார்த்தான் அண்ணே. நேரா என்னைப் பார்த்துச் சிரிச்சான். சிரிச்சுட்டு நடந்து வந்தான்."

தடுத்தும் அஞ்சாமல் வந்தான் என்று அதிகாரி எழுதிவிட்டார். அவன் படித்த பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் நினைவுக் கல்லிலும் அதுதான்: "குண்டு மழையிலும் அஞ்சாமல் தண்ணீர் சுமந்தவன்." அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் அக்கா அந்த 'அஞ்சாமல்' மேல் விரலை வைத்துவிட்டுத்தான் போவாள்.

போனை வைப்பதற்கு முன் நெட்டை கேட்டார்: "உள்ளங்கையைக் காட்டி நில்லுன்னு சொன்னேனா, பதட்டத்துல வான்னு கூப்பிட்டுட்டேனா? இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம் அண்ணே. நான் கூப்பிட்டதா நினைச்சுத்தான் வந்துட்டானோ?"

பதில் என்னிடம் இருந்தது. "உடம்பைப் பாத்துக்குங்க"ன்னு சொல்லி வைத்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட மனிதன் நான்.

ஜூன் 13

சாப்பிடவில்லை. முப்பத்து மூன்று வருடமாக அந்த ஆள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்க வேண்டியது என் கையை.

ஜூன் 15, ஞாயிறு

ஒருவேளை அவனுக்கு அந்தக் கை தெரிந்திருக்குமோ? நாற்பது தப்படிதானே? இப்படி ஒரு சந்து பொந்து தேடிக்கொண்டிருந்தது மனசு. சரி, பார்த்துவிடுவோம் என்று கடைக்குப் போனேன். என் தூரப்பார்வையில் குறை இல்லை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டத்தில் இரண்டு பக்கமும் பிளஸ் இரண்டரை போட்டு மாட்டினால் மைனஸ் இரண்டரைக்காரன் பார்க்கிற உலகம் வந்துவிடும்.

ஞாயிறு என்பதால் தெருவில் ஆள் இல்லை. மனைவியை நாற்பது தப்படி நடந்து போய் நிற்கச் சொன்னேன். "ஏதாவது ஒரு கை சைகை காட்டு. நில்லுன்னோ வான்னோ, உன் இஷ்டம்." இந்த வயதில் என்ன விளையாட்டு என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அவள் பச்சைப் புடவை ஒரு தீற்றலாகத் தெரிந்தது. அது அசைந்த மாதிரி இருந்தது. கை தெரியவில்லை. முகம் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

திரும்பி வந்தவள் கேட்டாள்: "நில்லுன்னுதான் காட்டினேன். எதுக்குச் சிரிச்சீங்க?"

நான் சிரித்தது எனக்கே தெரியாது. ஆனால் இந்த வேலையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! தூரத்து முகம் தெரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான். தெரிந்தவராக இருந்துவிட்டால் தப்பாக நினைப்பாரே என்று பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்து வைப்பார்கள். தம்பி யாரைக் கண்டாலும் சிரிப்பான் என்று படிவத்தில் எழுதியிருந்தேனே.

தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, "முதல்ல அவருக்குப் போன் பண்ணுங்க. அப்புறம் அக்கா"ன்னாள்.

ஜூன் 16

நெட்டையிடம் சொன்னேன். அட்டை, ஐந்தெழுத்து, டிராயரில் இருக்கும் கண்ணாடி, நேற்றைய சோதனை. நீங்கள் எந்தச் சைகையைக் காட்டியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப அவன் என்னைப் பார்க்கவே இல்லையா"ன்னு கேட்டார். இல்லை என்றேன். வைத்துவிட்டார்.

ஜூன் 18

அக்காவிடமும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய் உள்கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 24

அக்கா போனை எடுப்பதில்லை. அவளிடம் இருந்த ஒரே ஒரு சொல்லையும் பிடுங்கிக்கொண்டேன்.

ஜூன் 27

படிவத்தை எழுதி முடித்தேன். அட்டையைப் பற்றியும் என்னைப் பற்றியும் ஒன்று விடாமல். தபாலில் போடவில்லை. அக்கா பார்க்காமல் போடுவதற்கில்லை.

ஜூலை 2, புதன்

கடை திறந்ததும் அக்கா வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராகப் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதோ, அப்படி எனக்குக் காட்டு."

முதலில் அவள் பவரைப் பார்த்து, அதன் மேல் இரண்டரையைக் கூட்டிச் சட்டத்தை மாட்டினேன். அவள் வாசலைப் பார்த்தாள், எதிர்க்கடையைப் பார்த்தாள், சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

"நீ அந்தச் சுவர்கிட்டப் போ. அங்கேருந்து நடந்து வா. நான் சொன்னதும் நில்லு."

நடந்தேன். பாதி அறை தாண்டினேன், அவள் சொல்லவில்லை. மேஜையைத் தாண்டினேன், சொல்லவில்லை. குனிந்து முகத்துக்கு நேராக ஒரு முழ தூரத்துக்கு வந்த பிறகுதான் "இப்பத் தெரியுது"ன்னாள். அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் நகரவில்லை.

பிறகு படிவத்தைக் கேட்டாள். அந்த லென்ஸோடேயே அதே ஒரு முழ தூரத்தில் பிடித்து எல்லாவற்றையும் படித்தாள். கடைசியில் ஒரு வரி அவள் கையால் சேர்த்தாள்: "தண்ணீர் கொண்டு போனது உண்மை." மடித்துத் தந்து, "போட்டுடு"ன்னாள்.

டிராயரைத் திறந்து தம்பியின் கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"இதை எதால துடைக்கணும்டா?"

மெல்லிய பருத்தித் துணி, ஈரம் கூடாது என்றேன். ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.