ஆறேகால் மணிக்கு விழுந்த கல்

தியாகராய நகர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு உன் பெரியப்பா வைரவன் எழுதிக்கொள்வது. பெரியம்மாவின் முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகமாக இருப்பதாக, உன் எட்டு நிமிஷ ஞாயிற்றுக்கிழமை போனை வைத்து நாங்களாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.

முதல் விஷயம், இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். மனுஷன் மேலே போய்ச் சிறுகோளைத் தொட்டு மண் அள்ளி டப்பாவில் மூடிக் கொண்டுவருவான், அதை இங்கே விழுந்து கிடக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பான், அந்த வேலையை நம் வீட்டுப் பிள்ளையே செய்யும் என்று நான் சொன்னது உஸ்மான் ரோட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் பிற்பாடுதான் செய்தார்கள். போன மாதம்கூட தரமணியிலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி நம் கடைக்கு இட்லிக் கொப்பரை வாங்க வந்தார், அவருக்கு அரை மணி நேரம் நின்று இதையெல்லாம் விளக்கினேன், ஒன்பதாவதோடு நின்றவர் பேசுகிற பேச்சா இது என்று கேட்டுவிட்டு, மனுஷன் கொப்பரையின் மூடியைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போனார். அப்படிப்பட்டவனுக்கு நீ எழுதியிருக்கிறாய் ஒரு கடிதம். கூடவே ஒரு இங்கிலீஷ் படிவம். போனில் கேட்டிருக்கலாம், ஆனால் மையால் கையெழுத்து வேண்டுமாம். நானும் போனில் பதில் சொல்லப்போவதில்லை, நீ குறுக்கே பேசுவாய், வீடியோவில் என் முகம் வேறு தெரியும்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். டப்பாவில் வந்த மண்ணில் நம் காற்றே பட்டதில்லை, நைட்ரஜன் அடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் தொடுகிறோம், தண்ணீர் பட்டால் கரைந்துவிடுகிற உப்புகூட அதில் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சரி. பூமியில் வந்து விழுந்த கல்லிலோ அந்த உப்பு நம் ஈரக்காற்றிலேயே போய்விடும், துரு ஏறிவிடும், தொட்டவன் கை அழுக்கு ஏறிவிடும், அதனால் எது மேலிருந்து வந்தது, எது இங்கே சேர்ந்தது என்று பிரிப்பதே பெரும்பாடு என்கிறாய். அதற்குக் கீழே ஒற்றை வரியில், முந்தின வருஷம் நம் பூஜை அறைக் கல்லிலிருந்து நீ நகக்கண் அளவு பெயர்த்துக்கொண்டு போன துண்டில் நல்லெண்ணெயும் பாலும் விபூதியும் இருப்பதாக எழுதியிருக்கிறாய். இல்லாமல் எங்கே போகும்? சனிக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய் தேய்த்தவன் நான், பிரதோஷத்துக்குப் பால், அதைச் சுற்றிவந்துதான் மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது, அவர்களே சொல்கிறார்கள். நான் தொட்டதால் கெட்டது என்றால், உன்னையும் தொட்டுத்தானே வளர்த்தேன். உன்னைப் பெற்றவள் மஞ்சள்காமாலையில் போனபோது உனக்கு இரண்டு வயது, அன்றிலிருந்து ரசம் சாதம் பிசைந்து ஊட்டிய கை இது. நீ இப்போது எங்களையும் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுகிறாய் போலிருக்கிறது. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றோம், இரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின் வந்தது, நீ வரவில்லை. அந்த மிஷின் என்னைக் கண்டாலே நூற்றெழுபது காட்டுகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன், கடைசியில் கேட்டிருக்கிறாய் பார் ஒரு கேள்வி, ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்கிற மாதிரி. துரு கல்லின் உள்வரைக்கும் போயிருக்கிறது, வெடிப்புகளில் சுண்ணாம்பும் பொடிச் சிவப்பு மணலும் இருக்கிறது, சென்னையில் இருபத்தேழு வருஷம் இருந்த கல் இப்படி ஆகாது, ஆயிரக்கணக்கான வருஷம் காய்ந்த பூமியில் கிடந்தது மாதிரி இருக்கிறது, தேதியில் ஏதாவது தவறு இருக்குமா பெரியப்பா என்று. தவறா? தொண்ணூற்றெட்டாம் வருஷம், கார்த்திகைக்கு முந்தின நாள், சாயங்காலம் ஆறேகால் மணி. நான் மொட்டைமாடியில் அகல் காயவைத்துக்கொண்டிருக்கிறேன், மேற்கே மாம்பலம் ஸ்டேஷன் பக்கமிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம், காக்காயெல்லாம் ஒன்றாகக் கத்துகிறது, தண்ணீர்த் தொட்டி மூடி தெறித்து விழுகிறது, கிட்டப் போனால் கற்பூரம் கருகின வாசனை, கையில் எடுத்தால் இட்லி மாதிரி சூடு. இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தரும் தேதியில் தவறா என்று கேட்டதில்லை. இந்த நாளை நம்பித்தான் உன் கட்டுரையே நிற்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், விழுந்த நாள் தெரிந்த கல் என்றால்தான் இத்தனை வருஷத்தில் பூமி ஒரு கல்லை இவ்வளவு கெடுக்கும் என்று அளந்து, டப்பா மண்ணோடு ஒப்பிட முடியுமாம். விழுந்த ஊரின் பெயரையே கல்லுக்கு வைப்பார்களாம், தியாகராய நகர் என்று உலகம் முழுக்கப் புத்தகத்தில் வருமாம். அதை வாசித்ததும் நான் கடையை அரைநாள் மூடிவிட்டு, படிவத்தைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் வடக்கு மாடவீதிக்குப் போனேன்.

வேதாந்தம் சாரை உனக்கு ஞாபகமிருக்கும், பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், பெண் கல்யாணத்துக்கு நம்மிடம்தான் சீர்ப் பாத்திரம் எடுத்தார், அன்றிலிருந்து என் கல்லின் மேல் அவருக்கு ஒரு கண். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். வெளிச்சம் எந்தத் திசை, எத்தனை விநாடி, சத்தம் கேட்டதா, யார் பார்த்தது, பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதுவரை படிவத்தில் கேட்டிருக்கிறான். சார் சிரிக்காமல், ஏன் வைரவன், வெளிச்சம் பச்சை, காக்கா கத்தித்து, எல்லாம் சரி, சத்தம் கேட்டுதா கேக்கலையான்னு இத்தனை வருஷத்துல நீர் சொன்னதே இல்லையே, ரெண்டு கட்டம் இருக்கு, ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணும் என்றார். எனக்குப் பேனா ஓடவில்லை அம்மா. வீட்டுக்குப் போய் யோசித்துப் போடுகிறேன் என்று எழுந்துவிட்டேன். அதுக்கென்ன, கல்லு எங்கயும் ஓடிடாது, போய்ட்டு வாரும் என்றார், அது எனக்குச் சுருக்கென்றது.

திரும்பி வந்தால் பக்கத்துக் கடை அக்பர் பாஷா, குக்கர் ரிப்பேர் பார்க்கிறவர், வாசலில் நின்றுகொண்டு, இன்னா அண்ணாத்தே, கையில இன்னா பேப்பரு, கல்லுக்குப் பொறந்தநாள் சர்டிபிகேட்டா என்கிறார். பாப்பா அனுப்பியிருக்கிறது என்றேன். சிரிப்பு போய்விட்டது அவருக்கு. இத்தனை வருஷம் நீ சொல்லிக்கினு இருந்தே, நான் வாய மூடிக்கினு இருந்தேன், ஊருக்குக் கதை சொல்லிக்கோ, பாப்பா படிச்சு வாங்கின பேர்ல போய் கைய வெக்காத, நீ சொல்றியா இல்ல நானே போன் போடட்டா என்றார். உன் பெரியம்மா தங்கபுஷ்பத்திடம் சொன்னால் பரிந்து பேசுவாள் என்று மாடிக்கு வந்தேன். அவள் முழங்காலுக்குத் தைலம் போட்டபடியே, இன்னும் எத்தன வருசத்துக்கு அந்தக் கல்லுக்கு எண்ணெ தேய்ப்பிய, பிள்ளைட்ட உள்ளதச் சொல்லுங்க, அது வையும், வாங்கிக்கிடுங்க என்றாள். மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி.

அவர்களுக்காக நான் இதை எழுதவில்லை, தெரிந்துகொள். என் தொழிலால் எழுதுகிறேன். பழைய பித்தளை மாற்ற வருகிறவர்கள், அண்டா இப்பத்தான் வாங்கினது, நாலு வருஷம்கூட ஆகவில்லை என்பார்கள். நான் உள்ளே விரலை விட்டுத் தடவி, இது மயிலாப்பூர்த் தண்ணீர், பன்னிரண்டு வருஷம், இது பாலவாக்கம் உப்புக்காற்று, ஆறு வருஷம், என்று சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள். எப்படிச் சொல்கிறேன்? அதே பட்டறையில் அடித்து, தண்ணீரே படாமல் காகிதம் சுற்றின அண்டா பரணில் இருக்கிறது, இதை அதோடு ஒத்துப் பார்க்கிறேன். வாங்கின வருஷம் சரியாகத் தெரிந்த அண்டா ஒன்றும் வைத்திருக்கிறேன், தண்ணீர் எவ்வளவு தின்றது என்று அதை வைத்துத்தான் தெரியும். அந்த வருஷத்தை ஒருத்தன் மாற்றிச் சொல்லியிருந்தான் என்றால் அப்புறம் நான் பார்த்த அத்தனை அண்டாவும் தப்பு. நீ செய்வதும் இதேதான். டப்பாவில் வந்தது உன் பரண் அண்டா. நான் கையெழுத்துப் போடப்போனது அந்த வருஷத்துக்கு. நாற்பது வருஷத்தில் ஒரு பாத்திரத்துக்கும் நான் வயதை மாற்றிச் சொன்னதில்லை.

ஆகவே எழுதுகிறேன். ஆறேகால் மணிக்கு எதுவும் விழவில்லை. அந்தக் கல் ஆட்டோவில் வந்தது. உன் அப்பன் அறிவு, என் தம்பி, மஸ்கட்டுக்கு அந்தப் பக்கம் பாலைவனத்தில் எண்ணெய் தேடுகிற கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டினவன், அந்தப் புரட்டாசியில் இரண்டு மாத லீவில் வந்தான். ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்தான், பெட்டியை இறக்கியது அக்பர் பாஷா, கல்லை மட்டும் தம்பி கைலியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தான். அண்ணே, இது மேல இருந்து வந்ததுன்னு கம்பெனி வெள்ளக்காரன் சொன்னாம்ண்ணே, ஒருநாள் மேலயே போய் இதே மாதிரி அள்ளிட்டு வந்து ரெண்டையும் ஒத்துப் பாப்பாங்களாம், நம்ம பாப்பா படிச்சுப் பாக்கட்டும், அதுவரைக்கும் பத்திரமா வெச்சுக்கிடுங்க என்றான். கடையில் அப்போது நாலைந்து வாடிக்கையாளர்கள். ஊரில் அவனவன் தங்கம் கொண்டுவருகிறான், இவன் கல் கொண்டுவந்திருக்கிறான், ரங்கநாதன் தெருவில் கிடைக்காத கல்லா, வானத்திலிருந்து வந்தது என்றால் வானத்துக்கே திருப்பி அனுப்புடா என்றேன். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். நான் அதை மொட்டைமாடியில் தொட்டிக்குப் பின்னால் வீசினேன். ஒன்பதாம் நாள் லீவை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான், தீபாவளிக்கு இருந்துவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. உனக்கு அவன் கொண்டுவந்த ஆரஞ்சுப் பொடி டப்பா மட்டும்தான் ஞாபகமிருக்கிறது என்று சொல்வாய். தை மாதம் அவன் லாரி கவிழ்ந்தது.

நீ இரண்டு நாள் ஒரு பருக்கை உண்ணவில்லை. மூன்றாம் நாள் தொட்டிக்குப் பின்னாலிருந்து கல்லை எடுத்துக் கழுவி, உன் கையில் கொடுத்து, இது வானத்திலிருந்து விழுந்தது என்றேன். யார் பார்த்தா என்று கேட்டாய். அப்பா கொண்டுவந்தது என்றால், அப்பா ஏன் என் கையில் தரவில்லை என்று அடுத்துக் கேட்பாய். நான் பார்த்தேன் என்றேன், கார்த்திகைக்கு முந்தின நாள் என்றேன். நீ வாயைத் திறந்தாய், ஒரு கவளம் உள்ளே போனது. அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து வீடு கேட்டது, தெரு கேட்டது, எனக்கும் பிடித்துப்போயிற்று.

படிவத்தில் கண்ணால் பார்த்தவர் என்ற கட்டத்தைக் குறுக்கே அடித்துவிட்டேன். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அறிவு என்று எழுதியிருக்கிறேன், ஆட்டோவில் வந்ததற்கு அக்பர் பாஷா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கிடைத்த ஊர் என்ற இடம் காலி. பாலைவனத்தில் எந்த இடம் என்று அவனைக் கேட்டிருக்கலாம், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் கல்லுக்கு இனி என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உன் கட்டுரை என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. வைய வேண்டும் என்றால் எட்டு நிமிஷம் போதாது, கூடவே எடுத்துக்கொள்.

நீ ஆயுசோடும் பேரோடும் இருக்க வேண்டும், கபாலீஸ்வரர் உனக்குத் துணையிருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றே சாப்பாட்டு நேரத்தை விட்டுவிடாதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. நேற்றுச் சனிக்கிழமை, கல்லுக்கு எண்ணெய் வைக்கவில்லை, உலர்ந்த துணியால் துடைத்து அறிவின் படத்துக்குக் கீழே வைத்தேன்.

இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான் என்று மேலே எழுதியிருக்கிறேனே, வேறு தாள் இல்லாததால் அதை அடிக்கவில்லை. சொன்னவன் உன் அப்பன். நான் சிரித்தவன்.

இப்படிக்கு
உன் பெரியப்பா
வைரவன்