கோரஸில் என் பக்கத்தில் நிற்பவர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது, அங்கே நீயும் மருமகளும் சின்னவளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தைத் தேடிப் பிடித்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ "ம்" என்பாய். அது சந்தோஷ "ம்"மா, கோப "ம்"மா, ஆபீஸ் கவலையில் காதிலேயே விழாத "ம்"மா என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. என்னை ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். குதிக்காதே, முழுக்கப் படி. உன் வீட்டுப் பின்னறைக்குப் பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டு, அம்மா எப்போது வேலையை விட்டுவிட்டு வருவாள் என்று நீ காத்திருப்பது எனக்குத் தெரியும். அவருக்கு நான் சொல்லும் பதில் உனக்கும் சேர்த்துச் சொல்லும் பதில்தான். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாயோ என்ற பயத்தில் இதற்கு முன் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குத் தலைகால் புரியவில்லையடா. பல் செட் செய்கிறவளுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கிறது என்று லேபில் எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

எல்லாம் கோரஸால் வந்தது. எங்கள் கட்டடத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்று இருக்கிறதே, அங்கே வேலைக்கு வந்த ஒரு அம்மாள் முன்பு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவராம். சும்மா இருக்க முடியாமல், வேலை முடிந்ததும் மேல்மாடி கேன்டீனில் கோரஸ் பாடலாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று லிஃப்டில் ஒரு தாள் ஒட்டிவிட்டார். எங்கள் லேபில் முன்பல் வரிசையை மெழுகில் பதிப்பதில் கெட்டிக்காரி ஒருத்தி, லேபில் அவளுக்குப் பட்டப்பெயரே முன்பல்தான், அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். என் குரலும் நம் லேப் டிரில் மிஷினும் ஒரே சுருதி என்று சொல்லிப் பார்த்தேன், கோரஸ்ல உங்க குரல யாரு அக்கா தனியா கேக்கப் போறாங்க என்று அடக்கிவிட்டாள். கோரஸ் என்றால் நமக்கு என்ன தெரியும், வகுப்பில் பிள்ளைகள் கோரஸாக வணக்கம் சொல்வது, பாட்டில் ஒருவர் ஒரு வரி பாட மற்றவர்கள் அதையே திரும்பப் பாடுவது. நாம் பின்பாட்டு என்போம், அதிலும் ஒரு நக்கல் உண்டு, எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிறவனைப் பின்பாட்டுப் பாடுகிறான் என்போம். அதில் எனக்குச் சர்வீஸ் ஜாஸ்தி. உன் அப்பாவுக்குப் பாடினேன், அப்புறம் உனக்குப் பாடினேன், பாட்டுக்காரி இல்லை என்று யார் சொன்னது. ஆனால் டீச்சர் முதல் நாள் எங்களைப் பாடவே விடவில்லை. மேஜைகளைச் சுவரோரம் தள்ளச் சொல்லி, கை கோத்து வட்டமாகச் சுற்றச் சொன்னார். வாசல் காவல்காரர் மூச்சு வாங்க, பாட வந்தமா இல்ல பந்தயத்துக்கு வந்தமா என்று முணுமுணுத்தார்.

அதற்கு டீச்சர் சொன்ன கதையை உன் சின்னவளுக்குச் சொல்லு, ரசிப்பாள். கோரஸ் என்ற வார்த்தை இங்கிலீஷுக்கு லத்தீனிலிருந்து வந்ததாம், லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து வந்ததாம். பிறந்த வீட்டில் அதற்குப் பாட்டே கிடையாது, வட்டமாக ஆடுவதுதான் அர்த்தமாம். ஆடுகிற இடத்துக்கும் அதே பேர், ஆடுகிற கூட்டத்துக்கும் அதே பேர். ஆடியவர்கள் சும்மா ஆடுவார்களா, பாடவும் பாடினார்கள், பேர் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. பிறகு நாடகத்தில் ஓரமாக நின்று, நடப்பதையெல்லாம் பார்த்து அய்யோ பாவம் என்றும், இது உனக்குத் தேவையா என்றும் சொல்லும் கூட்டமாயிற்று. நம் அடுக்குமாடிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள். இங்கிலீஷுக்கு வந்த புதிதிலோ, மேடையில் முதலில் வந்து இன்னது நடக்கப்போகிறது என்று அறிவிக்கும் ஒரே ஒரு ஆளுக்குக்கூடக் கோரஸ் என்றுதான் பேராம். ஒத்தை ஆள் கோரஸ், எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம்தான் சேர்ந்து பாடும் குழுவும், திரும்பத் திரும்ப வரும் வரியும். கொயர் என்கிறார்களே, அதுவும் இதற்குத் தங்கை முறைதானாம். நாம கடைசி அர்த்தத்த மட்டும் கையில வெச்சுக்கிட்டு ஆட்டத்தத் தொலைச்சுட்டோம், அதனால மொதல்ல ஆடுங்க என்று டீச்சர் சொல்ல, ஆடினோம். அந்த ஆட்டத்தில்தான் எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக் என் காலை நன்றாக மிதித்தார்.

அவர்தான் இவர். நெட்டையாக, எண்ணெய்க் கறை படிந்த விரல்களோடு, யார் எதைச் சொன்னாலும் முதலில் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசுகிற மனிதர். மனைவி போய் ரொம்ப வருஷமாகிறது. மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்கக் கேட்க மறுபடியும் மிதித்தார். டீச்சர் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பாட்டின் கடைசியில் ஒரே ஸ்வரத்தை இழுத்து நிறுத்த வேண்டும், எந்த நுரையீரலும் அதைத் தாங்காது. அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஒருவர் மூச்சு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் விடாமல் பாடிக்கொண்டிருக்க வேண்டும், பிறகு இவர் பிடித்துக்கொள்ள அவர் எடுப்பார். கேட்பவருக்குச் சத்தம் அறுபடாமல் வரும். பக்கத்துல நிக்கறவங்க ஒரே நேரத்துல மூச்சு எடுக்கக் கூடாது, இதான் இங்க ஒரே சட்டம் என்றார் டீச்சர். லிஃப்ட்காரர் யோசித்துவிட்டு, எங்க வேலையிலயும் இதான் வழக்கம், கூட இருக்கறவன் பிடிச்சாச்சுன்னு சொல்லாம நாங்க கயித்துலேந்து கை எடுக்க மாட்டோம் என்றார். அன்றிலிருந்து அவர் லேசாகத் தலையாட்டுவார், பிடிச்சாச்சு என்று அர்த்தம், நான் நிம்மதியாக மூச்சு எடுப்பேன். நான் தலையாட்டினால் அவர் எடுப்பார். உன் அப்பா போன பிறகு அப்படி நிம்மதியாக நான் மூச்சு விட்டதில்லை என்று ஒரு நாள் வீடு திரும்பும் பஸ்ஸில் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

போன வாரம் கட்டடத்துக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் கீழ்க்கூடத்தில் பாடினோம். கடைசி இழுப்பில் நான் தலையாட்டினேன், அவரும் அதே நொடியில் தலையாட்டினார், ஒருவரை ஒருவர் நம்பி இரண்டு பேரும் மூச்சு எடுத்துவிட்டோம். எங்கள் சத்தத்தை நம்பி முன்பல் எடுத்தாள், அவளை நம்பிக் காவல்காரர் எடுத்தார், வரிசை முழுக்க வாயைத் திறந்துகொண்டு ஊமையாக நின்றது. டீச்சர் கை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. ஜனங்கள் பாட்டு முடிந்தது என்று நினைத்துக் கைதட்டித் தள்ளிவிட்டார்கள், டீச்சரும் எதுவும் நடக்காத மாதிரி குனிந்து வணங்கிவிட்டார். நான் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகு நாற்காலிகளை அடுக்கும்போதுதான் அவர் கேட்டார். வேலையில யாராவது பிடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் கையை விடுவேன், வீட்ல அப்பிடி யாரும் இல்ல, நாம கல்யாணம் பண்ணிக்கலாமாங்க என்றார். நான் கையிலிருந்த நாற்காலியை அவர் காலில் போட்டுவிட்டேன், முன்பு மிதித்ததற்குச் சரியாகப் போயிற்று.

மகன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் என்றேன். கேளுங்க, அவசரமில்ல என்றார். மறுநாள் லேபுக்குப் போனேன், ஒரு செட்டில் கடைவாய்ப் பல்லை இடம் மாற்றி வைத்தேன், முன்பல் திட்டினாள். மெழுகைச் சுரண்டிக்கொண்டே யோசித்தேன். முதல் வரியை நீ பாடு, நான் திரும்பப் பாடுகிறேன் என்று மறுபடியும் நின்றுகொண்டிருக்கிறேனே, இந்த ஒரு வரியையாவது நான் முதலில் பாடக் கூடாதா என்று தோன்றியது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி ஓடினேன், முழங்கால் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலையாக இருந்தார். குனிந்து, சரிங்க என்றேன். கீழேயிருந்து, என்னங்க சரி என்றார். சரின்னா சரிதாங்க என்றேன். மோட்டார் சத்தத்தில் காதில விழலீங்க என்றார். கூடத்தில் இருந்த காவல்காரர், கூரியர் பையன், பல் கட்ட வந்த பெரியவர் எல்லோரும் குழியைப் பார்த்துக் கோரஸாக, அவங்க சரின்னு சொல்றாங்க என்று கத்தினார்கள். உள்ளே ஸ்பானர் விழும் சத்தம் கேட்டது.

ஆகையால் கண்ணா, இந்தக் கடிதத்தில் அம்மா அனுமதி கேட்கவில்லை. கோபம் வந்தால் திட்டி எழுது, படித்துக்கொள்கிறேன். அப்பாவை மறந்துவிட்டாளா என்று நீ கேட்க மாட்டாய், நினைப்பாய். மறக்கவில்லை, இவரிடமும் அப்பாவைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறேன், அவரும் சலிக்காமல் கேட்கிறார். உன் பின்னறைக்கும் வருவோம், லீவு எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக வருவோம், தங்கிவிட மாட்டோம். அனுமதி வேண்டாம் என்றேனே தவிர, நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ இல்லாத சந்தோஷம் எனக்குப் பாதிதான், அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அடுத்த மாதக் கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம், இரண்டு சாட்சி வேண்டுமாம். ஒன்று டீச்சர். இன்னொரு இடத்துக்கு முன்பல்லும் காவல்காரரும் அடித்துக்கொள்கிறார்கள். நான் யாருக்கும் கொடுக்கவில்லை, ஆள் வருகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மருமகளுக்கும் சின்னவளுக்கும் என் முத்தங்கள். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், சிரித்த முகமாக, நிறைந்த வாழ்வு வாழ வேண்டும். வரும்போது அடையாள அட்டையை மறக்காதே, அது இல்லாமல் சாட்சிக் கையெழுத்துப் போட விட மாட்டார்களாம்.

வாசலைப் பார்த்திருக்கும்,
உன் அம்மா